ஆறு புள்ளி தந்த ஆசான் லூயி பிரெயில்

எழுத்தறிவைக் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பேசுவது தமிழர் வழக்கம். ஆனால் பார்வை இல்லாதவர்க்கு எழுத்து எவ்வாறு கண்ணாக முடியும்? முடியும் என்று உலகுக்குக் காட்டியவர் லூயி பிரெயில். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவரை நாம் அனைவரும் அறிவோம். அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற ஓர் ஆசிரியர் என்பதை அறிந்தவர் சிலரே. அவர் கண்ட எழுத்தைக் கற்றுக்கொள்ள மற்ற ஆசிரியர்கள் முன்வராததால் அது பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது என்பதை அறிந்தவர் அதிலும் சிலரே. ஒரு நல்ல கருவி பிறந்துவிட்டால் மட்டும் போதாது. அதை ஆசிரியர் கற்றால்தான் மாணவரைச் சென்றடையும். இந்த உண்மையை அவருடைய வாழ்க்கை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

இளமைப் பருவம்

பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் கூப்வ்ரே என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1809-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் லூயி பிறந்தார். பெற்றோருக்கு அவர் நான்காவது பிள்ளை, கடைக்குட்டி. தந்தை சீமோன் ரெனே குதிரைகளுக்குச் சேணமும் தோல்வாரும் தைக்கும் தொழிலாளி. தாயின் பெயர் மோனிக்.

தந்தையின் பட்டறைதான் குழந்தைக்கு விளையாட்டுக் கூடம். மூன்று வயதில் ஒருநாள், அப்பா செய்வது போலத் தானும் செய்ய ஆசைப்பட்டு, தோலில் துளையிடும் குத்தூசியை எடுத்தான் சிறுவன். ஊசி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண்ணில் நச்சுக் கிருமி புகுந்தது. அதை அடக்கும் மருந்து அக்காலத்தில் இல்லை. ஒரு கண்ணில் தொடங்கிய கேடு மற்றக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயது நிரம்புமுன் இரு கண்களும் முற்றிலும் இருண்டுவிட்டன.

அந்தக் காலத்தில் பார்வையற்ற ஏழைக் குழந்தைக்குப் பிச்சைப் பாத்திரம்தான் கதி. லூயியின் பெற்றோர் அப்படி விட்டுவிடவில்லை. வழியைத் தட்டித் தெரிந்துகொள்ளத் தந்தை ஒரு கோல் செய்து கொடுத்தார். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, மகனின் விரலைப் பிடித்துத் தடவச் சொன்னார். ஊர்ப் பங்குத்தந்தை பல்லூயி அடிகளார் சிறுவனுக்குப் பாடம் சொன்னார். ஊர்ப் பள்ளி ஆசிரியர் பெஷெரே அவனை மற்றப் பிள்ளைகளுடன் உட்கார வைத்தார். கேட்டதையெல்லாம் லூயி மனத்தில் நிறுத்தினான். கேள்வி கேட்டால் முந்திக்கொண்டு விடை சொன்னான். ஆனால் மற்றவர் புத்தகத்தை விரிக்கும்போது அவன் கைகள் மட்டும் வெறுமனே இருந்தன.

பாரிஸ் பள்ளியில்

1819-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்ற இளைஞர் அரசுப் பள்ளியில் லூயி சேர்ந்தார். வாலன்டைன் ஹாவுய் என்னும் பெருமகனார் 1785-ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி அது. பார்வையற்றோருக்கென்று உலகில் தோன்றிய முதல் பள்ளிகளுள் தலையாயது. கட்டடம் பழையது, ஈரம் கசிவது. பிற்காலத்தில் லூயியின் உயிரைக் குடித்த காசநோய்க்கு அந்த ஈரச் சுவர்களும் ஒரு காரணம் என்று கூறுவர்.

அங்கே சில புத்தகங்கள் இருந்தன. ஈரத்தாளைப் பெரிய அச்செழுத்துகளின் மேல் அழுத்தி எழுத்து மேடிட்டு நிற்குமாறு செய்யப்பட்டவை அவை. ஹாவுய் நல்லெண்ணத்தோடுதான் இதைச் செய்தார். ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் விரல் சுற்றிச் சுற்றி வந்து கண்டுபிடிக்க வேண்டும். வாக்கியத்தின் முடிவுக்கு விரல் வருமுன் தொடக்கம் மறந்துவிடும். புத்தகமோ தூக்க முடியாத கனம். மேலும், அந்த முறையில் மாணவர் தாமாக எழுதுவது இயலாத காரியம். பார்வையுள்ள ஆசிரியரின் கண்ணுக்கு அது எளிமையாக இருந்தது. படிக்கும் மாணவரின் விரலுக்கோ பெருஞ்சுமையாக இருந்தது.

1821-ஆம் ஆண்டில் சார்லஸ் பார்பியே என்பவருடைய முறை அப்பள்ளிக்கு வந்தது. அவர் முன்னாள் படைத்துறை அதிகாரி. மேடிட்ட புள்ளிகளால் எழுதும் ஒரு முறையை அவர் வகுத்திருந்தார். கோடுகளை விடப் புள்ளிகளை விரல் விரைவில் உணரும் என்பதை லூயி உடனே கண்டுகொண்டார். ஆனால் குறைகளும் இருந்தன. ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டும். விரல் நுனிக்குள் அது அடங்காது. எழுத்தைக் குறிக்காமல் ஒலியை மட்டுமே குறித்ததால் சொல்லைப் பிழையின்றி எழுதப் பழக முடியாது. நிறுத்தக் குறிகளும் இல்லை.

பதினைந்து வயதில் ஒரு சாதனை

பகலில் பாடம், இரவில் ஆராய்ச்சி. விடுமுறையில் ஊருக்குப் போனாலும் கையில் தாளும் கூர்முனையும்தான். 1824-ஆம் ஆண்டில், தம் பதினைந்தாம் வயதில், லூயி தம்முடைய முறையை உருவாக்கி முடித்தார். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் நம் வயதுதான் அவருக்கு அப்போது!

மார்கழியில் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடும் நமக்கு அந்த முறையைப் புரிந்துகொள்வது கடினம் அன்று. நிற்கும் வரிசை இரண்டு. வரிசைக்கு மூன்று புள்ளி. ஆக ஆறு புள்ளி. எந்தப் புள்ளி மேடிட்டிருக்கிறது, எது இல்லை என்பதைப் பொறுத்து எழுத்து மாறும். இவ்வாறு 63 வெவ்வேறு அடையாளங்கள் கிடைக்கின்றன. எழுத்து, எண், நிறுத்தக் குறி, இசைக்குறி அனைத்தும் அதற்குள் அடங்கிவிட்டன. எல்லாவற்றையும் விட மேலானது, ஓர் அடையாளம் முழுவதும் விரல் நுனியின் ஒரே தொடுதலில் அகப்பட்டுவிடும் என்பதே. எழுத ஒரு சட்டமும் ஓர் ஊசியும் போதும். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய நம் முன்னோருக்கு இந்தக் கருவி அந்நியமாகத் தோன்றியிராது.

ஆசிரியப் பணி

1828-ஆம் ஆண்டில் லூயி அதே பள்ளியில் துணை ஆசிரியரானார். 1833-இல் முழு ஆசிரியரானார். இலக்கணம், வரலாறு, கணிதம், இசை ஆகியவற்றைக் கற்பித்தார். பாரிஸ் ஆலயங்களில் ஆர்கன் வாசித்தார். மாணவரை அடிக்காமலும் வையாமலும் நடத்திய மென்மையான ஆசிரியர் என்று அவரைப் போற்றுவர். தம் சிறு வருவாயில் ஒரு பகுதியை ஏழை மாணவர்க்குக் கொடுத்து உதவினார்.

1829-இல் தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. புள்ளி எழுத்தை விளக்கும் அந்த நூலின் பாடம் பழைய மேடிட்ட எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. அப்போது புள்ளி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அப்பள்ளிக்கு வெளியே யார் இருந்தார்? 1837-இல்தான் புள்ளி எழுத்திலேயே பிரான்சு நாட்டு வரலாறு ஒன்று அச்சாயிற்று.

கற்க மறுத்தவர்கள்

தலைமை ஆசிரியர் பிக்னியே லூயிக்கு ஆதரவாக இருந்தார். ஆனால் புள்ளி எழுத்துக்குப் பள்ளியில் முறையான அங்கீகாரம் கிடைக்கவில்லை. பார்வையுள்ள ஆசிரியர்களுள் பலர் அதை விரும்பவில்லை. அவர்கள் கூறிய காரணம் முற்றிலும் பொருளற்றது அன்று. தனி எழுத்து வந்தால் பார்வையற்றோர் மற்றவரிடமிருந்து பிரிந்துவிடுவார்கள் என்று அவர்கள் அஞ்சினர். சொல்லாத காரணமும் ஒன்று இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த எழுத்து வந்தால் ஆசிரியரும் முதல் வகுப்பு மாணவரைப் போல உட்கார்ந்து அதைக் கற்க வேண்டும். அதில் மாணவர் முந்திக்கொள்வர், ஆசிரியர் பின்தங்குவார். பல ஆண்டு கற்பித்துப் பழகியவருக்கு அது எளிதில் செரிக்கக் கூடியதா?

1840-இல் பிக்னியே விலக்கப்பட்டார். டூஃபோ என்பவர் தலைமைக்கு வந்தார். அவர் வேறு வகையான மேடிட்ட எழுத்தைப் பள்ளியில் புகுத்தினார். பழைய நூல்களை எரிக்கச் செய்தார். புள்ளி எழுத்தைப் பயன்படுத்தத் தடை விதித்தார். ஆனால் மாணவர் விடவில்லை. மறைவாக எழுதினர்; ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். கற்க மறுத்தவர் ஆசிரியர். கற்பிக்கத் துணிந்தவர் மாணவர்!

இந்த நிலையை மாற்றியவர் துணைத் தலைவரான குவாடே. அவர் பார்வையுள்ளவர். மாணவர் எழுதுவதையும் படிப்பதையும் கூர்ந்து கவனித்தார்; அதன் அருமையை உணர்ந்தார்; டூஃபோவின் மனத்தையும் மாற்றினார். 1844-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழா நடந்தது. அங்கே மக்கள் முன்னிலையில், ஒரு பகுதியைச் சொல்லச் சொல்ல ஒரு மாணவர் புள்ளியில் எழுதினார். அதைக் கேட்டிராத வேறொரு மாணவர் வந்து விரலால் தடவிப் பிழையின்றிப் படித்தார். ஐயம் கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போயினர். அன்று அங்கே இருந்த லூயிக்கு வயது முப்பத்தைந்து. இருபது ஆண்டுகள் காத்திருந்தார் அவர்.

பார்வையுள்ளோரையும் மறவாதவர்

தம் எழுத்தால் பிரிவினை வரும் என்ற அச்சத்தை லூயி அலட்சியம் செய்யவில்லை. அதற்கு விடை காண முயன்றார். 1839-இல், சாதாரண எழுத்துகளின் வடிவத்தையே புள்ளிகளால் அமைக்கும் ஒரு முறையை வெளியிட்டார். அதைக் கொண்டு பார்வையற்ற மகன் எழுதும் கடிதத்தைப் பார்வையுள்ள தாய் நேராகப் படித்துவிடலாம். ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் பல புள்ளி குத்த வேண்டியிருந்ததால் வேலை மெதுவாக நடந்தது. அப்பள்ளியின் பழைய மாணவரான பியேர் ஃபூக்கோ அதை விரைவுபடுத்த ஓர் எழுதும் பொறியைச் செய்தார். தட்டச்சுப் பொறி கடைகளுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முந்திய கதை இது.

மறைவும் வெற்றியும்

காசநோய் லூயியை மெல்ல மெல்ல அரித்தது. குரல் தளர்ந்தது, வகுப்புகளைக் குறைத்துக்கொண்டார், 1850-இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1852-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், அவர் உயிர் நீத்தார். சொந்த ஊரான கூப்வ்ரேயில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1854-இல், அவருடைய எழுத்து பிரான்சில் முறைப்படி ஏற்கப்பட்டது.

இங்கிலாந்தில் ஆர்மிட்டேஜ் என்னும் மருத்துவர் பார்வை குன்றியதால் தம் தொழிலை விட்டவர். எந்த எழுத்து நல்லது என்பதை விரலால் படிப்பவரே தீர்மானிக்க வேண்டும் என்று கூறி, 1868-இல் ஒரு சங்கம் அமைத்தார். அது பிரெயிலின் எழுத்தையே தேர்ந்தெடுத்தது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடும் அதை ஆதரித்தது. 1952-இல், மறைந்து நூறு ஆண்டுகள் ஆனபின், அவருடைய உடலைப் பிரான்சு நாட்டுப் பெருமக்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டு சென்றனர். அவருடைய கைகளை மட்டும் சொந்த ஊர் தன்னிடமே வைத்துக்கொண்டது. நம் நாடும் 2009-ஆம் ஆண்டு, அவர் பிறந்த இருநூறாம் ஆண்டில், அவர் நினைவாக இரண்டு ரூபாய் நாணயம் வெளியிட்டது.

நம் தாமிரபரணிக் கரையில்

லூயி பிரெயிலின் புள்ளிகள் கடல் கடந்து நம் ஊருக்கும் வந்தன. பார்வையற்றோருக்கான பள்ளி ஒன்று 1887-இல் அமிர்தசரசில் தோன்றியது. மூன்றே ஆண்டுகளில், 1890-இல், பாளையங்கோட்டையில் மிஸ் ஆஸ்க்வித் அம்மையார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமையில் இப்பள்ளிக்கும் பங்கு உண்டு.

தொடக்கத்தில் இந்திய மொழிகளுக்குப் பலவகைப் பிரெயில் முறைகள் வழங்கின. ஓரிடத்தில் கற்ற ஆசிரியர் வேறிடத்துக்குப் போனால் அவர் கற்றது உதவாது. இக்குழப்பம் தீர 1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோ நிறுவனத்தின் உதவியை நாடியது. முதல் உலகப் போரில் பார்வை இழந்த நியூசிலாந்துக்காரரான கிளூத்தா மெக்கன்சி அப்பணிக்குத் துணை நின்றார். 1951-இல் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே புள்ளிகள். லூயி தம் மொழிக்கு வகுத்த அதே புள்ளிகளே இன்று நம் 'ம'வுக்கும் 'ல'வுக்கும் நிற்கின்றன.

ஆசிரியர் கற்க வேண்டியவை

பிரெயிலைக் கற்பிக்க வரும் பார்வையுள்ள ஆசிரியர் பலவற்றைப் புதிதாகப் பழக வேண்டும். சட்டத்தில் தாளை வைத்து ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் மேடிட்ட புள்ளி இடமிருந்து வலமாக வரும். 'கை' என்று அச்சில் எழுதும்போது ஐகாரக் குறி 'க'வுக்கு முன்னே நிற்கிறது. பிரெயிலில் அது பின்னே வரும். 'க்' என்பதில் நாம் தலைமேல் வைக்கும் புள்ளிக்கு, பிரெயிலில் மெய்க்கு முன்னால் ஒரு தனி அடையாளம் வரும். ஒரு மாலைப்பொழுதில் கேட்டுவிட்டுப் போகும் சொற்பொழிவால் இவை கைவருமா? விரல் பழக வேண்டும், நாள் வேண்டும்.

கணினி வந்துவிட்டதே, இனிப் பிரெயில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் வந்திருப்பது பெரும் நன்மையே. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் காதால் கேட்டு மட்டும் தமிழை எழுதிவிட முடியுமா? 'கரை', 'கறை' என்று பேசும்போது நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. 'மனம்', 'மணம்' என்பவையும் அப்படியே. விரல் தொட்டால்தான் வேறுபாடு தெரியும். புள்ளி எழுத்துகள் மேலெழும்பி மறையும் மின் பிரெயில் கருவிகளும் இன்று உள்ளன. ஆகவே கணினியும் பிரெயிலும் பகைவர் அல்லர், தோழியர்.

இங்கும் ஆசிரியரின் பயிற்சியே முதன்மையானது. ஆசிரியை ஒருவர் பாடக்குறிப்பைக் கையால் எழுதி, படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது பாடம். திரைபடிக்கும் மென்பொருளுக்கோ அது வெறும் படம். பெரும்பாலும் அதைப் படிக்க முடியாமல் நின்றுவிடும். அதையே தட்டச்சு செய்து அனுப்பினால் பார்வையற்ற மாணவியும் படித்துவிடுவாள். கரும்பலகையைக் காட்டி இது, அது என்று சொல்லாமல், எழுதுவதை வாய்விட்டும் சொன்னால் அவளுக்கும் கணக்கு விளங்கும். இவை செலவில்லாத செயல்கள். ஆனால் யாரேனும் ஆசிரியருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நல்ல காலமாக, அரசும் இதை உணர்ந்திருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வெளியிட்ட விதிகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கின. எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளியை உருவாக்குவது, கணினித் தொழில்நுட்பத்தை அறிந்து பயன்படுத்துவது ஆகிய இரண்டும் அப்பாடத்திட்டத்தில் சேர்ந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரெயிலிலும் சைகை மொழியிலும் தேர்ந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்த வேண்டும் என்று கூறுகிறது. அந்த ஆசிரியர்களுள் மாற்றுத்திறனாளிகளும் இருக்க வேண்டும் என்பதையும் அது மறக்கவில்லை. துணை ஆசிரியராகத் தொடங்கிய லூயியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் சட்டமும் பாடத்திட்டமும் தாளில் இருப்பவை. பயிலும் ஆசிரியரின் விரலுக்கு அவை இறங்கி வர வேண்டும்.

முடிவுரை

2019-ஆம் ஆண்டு முதல் ஜனவரி 4-ஆம் நாளை உலகப் பிரெயில் நாளாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடி வருகிறது. அந்த நாளில் லூயியைப் புகழ்வதோடு நின்றுவிடலாமா?

நம்மில் பலர் ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். பாளையங்கோட்டையில் புனித இஞ்ஞாசியார் கல்லூரி, தூய சவேரியார் கல்லூரி போன்ற கல்வியியல் கல்லூரிகள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. பார்வையற்றோர் பள்ளியும் அதே ஊரில் இருக்கிறது. ஆசிரியப் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவரும் சில வாரங்களாவது அங்கே சென்று, ஒரு மாணவியின் அருகில் அமர்ந்து, அவளிடமே பிரெயிலைக் கற்றுக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அவள் ஆசிரியையாகவும் நாம் மாணவியராகவும் இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. பாரிஸ் பள்ளி ஆசிரியர்கள் அதைச் செய்திருந்தால் லூயி இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.

பார்வையற்ற ஒரு சிறுமி நாளை நம் வகுப்பறையில் வந்து அமரலாம். நாம் கற்று முடிக்கும் வரை அவளும் காத்திருக்க வேண்டுமா? தோழியரே, அவள் வருமுன் நாம் கற்றிருப்போம்!